மீதி வ்

ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.
பகாவ் என்று எழுதி, பகாவால் வகுத்தால்
மீதி வ்.
கேன்டீனில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

செம்பனை மில்லின் எடைமேடையில்
திறந்த நாளிலிருந்து பதினோரு வருடம், இரவு ஷிஃப்ட்.
லோரி ஏறும். சிவப்பு எண் தடுமாறி நிற்கும்.
குலையோடு ஒரு தடவை, வெறுமையாக ஒரு தடவை,
கழித்தால் பழம்.
திரையின் வலது மூலையில், யாருக்கும் வேண்டாத சின்ன எழுத்தில்,
இதுவரை வந்த பழத்தின் மொத்தக் கிலோ.
நான் பார்ப்பேன்.
அது எதை நோக்கிப் போகிறதென்று
போன தீபாவளியிலேயே எனக்குத் தெரியும்.

2147483647.

பகா எண்.
சோதிக்க வேண்டுமென்றால்
நாற்பத்தாறாயிரத்து முன்னூற்று நாற்பது வரை நடந்தால் போதும்.
அந்தத் தெருவிலும் எல்லாக் கதவையும் தட்ட வேண்டாம்:
அறுபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற
பகா எண்கள் வீடு மட்டும்.
மழை பெய்து லோரி வராத இரவுகளில்
லாக் புத்தகத்தின் பின்னட்டையில்
தட்டிக்கொண்டே போனேன்.
ஒருவரும் திறக்கவில்லை.

பாவம், தனியாள் என்று நினைத்துவிட வேண்டாம்.
முந்தின வீட்டில் எட்டுப் பேர்:
இரண்டு, இரட்டைப் பிள்ளைகளாய் மூன்றும் மூன்றும்,
ஏழு, பதினொன்று, முப்பத்தொன்று, நூற்றைம்பத்தொன்று,
வாசலை அடைத்துக்கொண்டு முன்னூற்று முப்பத்தொன்று.
அடுத்த வீட்டில் முப்பத்தோரு இரண்டுகள்,
எல்லாம் ஒரே ஜாடை.
நடு வீட்டுக்குத்தான் சாவி கிடையாது.
இரண்டு சதுரங்களைச் சேர்த்தும் அதைக் கட்ட முடியாது;
நாலால் வகுத்து மூன்று மிஞ்சுகிற எதற்கும்
அந்தக் கொடுப்பினை இல்லை.

மெஷினுக்கு அது வேறு.
மில் ரோட்டில் முப்பத்தோரு விளக்கும் ஒன்றாய் எரிகிற இரவு.
இன்னும் ஒரு கிலோ வந்தால்
அத்தனையும் அணைந்து
முப்பத்திரண்டாவது கம்பம் மட்டும் எரியும்.
அந்தக் கம்பத்துக்கு மெஷின் வைத்த பெயர்
கடன்.

சிரம்பான் சாஃப்ட்வேர்காரருக்கு மூன்று முறை போன் செய்தேன்.
“அவ்வளவு பழம் எங்கேயிருந்தும்மா வரும்?”

வந்தது.
செவ்வாய்க்கிழமை, விடிகாலை 3:12.
மொத்தம் 2147479120.
இன்னும் நாலாயிரத்து ஐந்நூற்று இருபத்தேழு.
மேடையில் குணாளன் லோரி,
ஒன்பதாயிரத்து எண்ணூற்று அறுபது கிலோ.

எங்கள் மேடை பத்துப் பத்தாகத்தான் நிறுக்கும்.
ஏழில் முடிகிற எண்ணில் எந்த லோரியும் நிற்காது.
கணக்குத் தெரிந்தவள்தான்.
ஆனாலும் தே ஆறிப்போகும்வரை
கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வெறும் லோரி ஏறி இறங்கியது.

−2147478316.

ஆறு.
பதினோரு வருடம் சுழியத்திலேயே முடிந்த மூலையில்
ஓர் ஆறு.
நடுவில் எங்கேயோ,
ஒரு பட்டனை அமுக்கி விரலை எடுப்பதற்குள்,
கடந்து போய்விட்டது.

குணாளன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
“அக்கா, கீழே மைனஸ் போட்டிருக்கே.
நான் கம்பெனிக்குத் தரணுமா?”
இல்லை என்றேன்.
“கம்பெனி எனக்கா?”
அதுவும் இல்லை என்றேன்.
கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கிளட்சை மிதித்தான்.

காலையில் மேனேஜர் வந்து
எல்லாவற்றையும் சுழியமாக்கு என்றார்.
ஆக்கினேன்.
புதுக் கணக்கில் முதல் லோரி
ஏழாயிரத்து எழுபது கிலோ.

லாக் புத்தகத்தில் மட்டும்
3:12க்கும் 3:40க்கும் நடுவே ஒரு வரி, என் கையெழுத்தில்.
லோரி நம்பர் இல்லை, டிரைவர் பெயர் இல்லை,
பத்தில் அடங்காத ஓர் எண்.
மாதக் கடைசியில் வந்த ஆடிட்டர்
அதைப் பென்சிலால் வட்டமிட்டு
ஓரத்தில் கேட்டிருக்கிறார்:

எந்தத் தோட்டத்துப் பழம்?